மலைக்கு ஒரு மெல்லிய போன்சோ: எந்த நூலில், எந்த வடிவத்தில் பின்னுவது?

என் தங்கைக்கு வீடு மேட்டுப்பாளையம், வேலை குன்னூர். காலை ஆறரைக்குப் பேருந்து ஏறும்போது கழுத்தெல்லாம் வியர்வை. பர்லியாறு தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவாள். குன்னூரில் இறங்கும்போது விரல் நுனி சில்லிட்டிருக்கும். பதினோரு மணிக்குச் சுள்ளென்று வெயில், மூன்று மணிக்கு எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், சில நாள் அதோடு தூறலும் சேரும். மாலையில் கீழே இறங்கினால் மறுபடி வியர்வை. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் கிட்டத்தட்ட பத்து டிகிரியைக் கடந்து போகிறாள், தினமும் இரண்டு தடவை.

அவளிடம் நல்ல ஸ்வெட்டர் இருக்கிறது. ஆனால் பாதி நாள் அது பையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, மீதி நாள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் என்னிடம் வந்தாள். "அக்கா, போட்டா கதகதன்னு இருக்கணும், கழட்டினா பையில போயிடணும், அவ்வளவுதான்" என்றாள். இந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியைத்தான் நான் இத்தனை வருடமாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். தோளில் போர்வை மாதிரி விழும், கை வைக்காத உடையான போன்சோவைப் பின்னுகிறவர்கள் எல்லோரும் போட்டால் எப்படி இருக்கும் என்றுதான் யோசிக்கிறோம். மாறிக்கொண்டே இருக்கும் வானிலைக்கு அது போதாது. அங்கே ஒரு நாளில் போன்சோ உடம்பில் இருக்கும் நேரத்தைவிட கழற்றி வைத்திருக்கும் நேரம்தான் அதிகம். கழற்றிய பிறகு அது எங்கே போகிறது, எவ்வளவு கனக்கிறது, ஈரத்தோடு மடித்து வைத்தால் என்ன ஆகிறது, திரும்பப் போட எத்தனை நொடி ஆகிறது, இதையெல்லாம் வைத்துத்தான் நூலையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போன்சோவின் பிறப்பே இப்படிப்பட்ட வானிலையில்தான். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மேட்டு நிலத்தில் பகலில் வெயில் பொசுக்கும், பொழுது சாய்ந்ததும் குளிர் நடுக்கும். நெய்த துணியின் நடுவே தலை நுழைய ஒரு பிளவு விட்டால் போன்சோ. அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் விக்குன்யா என்ற விலங்கின் ரோமத்தில் நெய்யும் போன்சோதான் மிக உயர்ந்த வகை. அந்த ரோமத்தின் பருமன் 12, 13 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாம் மென்மையானது என்று கொண்டாடும் மெரினோ ஆட்டுக் கம்பளியே பெரும்பாலும் 17 முதல் 22 மைக்ரான் வரை. ஆக, போன்சோ பிறந்த மண்ணிலேயே மெல்லியதற்குத்தான் மதிப்பு. தடித்த நூலை வாங்கினால்தான் குளிர் தாங்கும் என்று நம் ஊரில் கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டு அத்தை வரை சொல்வார்கள், கேட்டுக்கொள்ள வேண்டாம். நம்மைக் காப்பது நூலுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. நார்வேயில் பனிக்காலத்துக்கு வலைப் பனியன் போடுகிறார்கள், வெறும் ஓட்டையாகத் தெரியும் அந்தப் பனியன் மேலே ஒரு சட்டை வந்ததும் சூடு பிடித்துக்கொள்வது இதனால்தான்.

சரி, என்னிடம் நான் ஏற்கெனவே குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்னிய மூன்று போன்சோக்கள் இருந்தன. ஒன்று பருத்தி, ஒன்று அக்ரிலிக் என்ற செயற்கை இழை, ஒன்று மெரினோ. மூன்றும் மூன்று வடிவம். புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன்னால் இந்த மூன்றையும் ஒவ்வொரு வாரம் அவளிடம் கொடுத்து, அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர்தான் பெரிய மழை. அதனால் சோதனைக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது.

முதல் வாரம் பருத்தி. இரண்டு செவ்வகங்களைச் சேர்த்துத் தைத்தது, விசிறி விசிறியாக விரியும் சிப்பிப் பின்னல், எடை 540 கிராம். பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு, துவைத்துத் துவைத்து இன்னும் அழகாகியிருக்கிறது. முதல் இரண்டு நாள் அவளுக்கும் பிடித்திருந்தது. மூன்றாவது நாள் தூறலில் நனைந்தாள். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. நனைந்த கனத்தில் முன்பக்க முனை முழங்கால் வரை இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது, அதைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைக்கு அடியில் வைத்திருந்தாள், சாயங்காலம் எடுத்தால் ஈரத்துணி வாடை. மலையில் மழைக்காலத்தில் கொடியில் போட்ட பருத்தி காய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டால் வெளிர் நிற நூலில் அது போகாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: நீலகிரியின் தோடர்கள் பருத்திச் சால்வையைத்தானே தலைமுறை தலைமுறையாகப் போர்த்துகிறார்கள்? உண்மைதான். வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளி, 2013இல் அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது அடர்த்தியாக நெய்த முரட்டுத் துணி, இரண்டு மடிப்பாக உடம்பைச் சுற்றிப் போர்த்துவது, காற்று உள்ளே புகாது. குரோஷாவில் அந்த அடர்த்தியைக் கொண்டுவர முயன்றால் பாய் மாதிரி விறைப்பாகிவிடும், கனமும் ஒரு கிலோவைத் தொடும். பருத்தி குளிருக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டையும் கனமும் சேர்ந்த குரோஷாப் பருத்திதான் ஈரக் குளிருக்கு ஆகாது.

கனத்துக்குக் காரணம் இழையிலேயே இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் பருத்தி இழை 1.54 கிராம், கம்பளி 1.31, அக்ரிலிக் 1.17. போதாததற்குப் பருத்தி நூலில் கம்பளியின் சுருளும் பொசுபொசுப்பும் கிடையாது, அதனால் அதே பருமனில் நூல் எடுத்தாலும் உள்ளே காற்று குறைவு. குரோஷா வேறு, கைப்பின்னல் ஸ்வெட்டரைவிட அதிக நூலை விழுங்கும் வேலை. எல்லாம் சேர்ந்து தோளில் இறங்குகிறது.

இரண்டாவது வாரம் அக்ரிலிக். நம் கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் இதைத்தான். லூதியானாவிலிருந்து வரும் அந்தப் பளபளப்பு உருண்டைகளில் பலவற்றில் கம்பளி ஒரு இழைகூட இருக்காது, சீட்டைத் திருப்பிப் படித்தால் தெரியும். சீட்டையும் முழுசாக நம்ப முடியாது. ஒரு இணையக் கடையில் முழுக்கம்பளி என்று வாங்கிய நான்கு கண்டு நூலில் ஒரு விரல் நீளம் வெட்டித் தீக்குச்சியில் காட்டினேன், உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. கம்பளி என்றால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை, சாம்பல் பறக்கும். நூல் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், ஓர் உலோகத் தட்டின் மேல், இடுக்கியால் பிடித்துக்கொண்டு.

இந்த அக்ரிலிக் போன்சோ கழுத்தில் தொடங்கி முன்னும் பின்னும் முனை வைத்து இறங்கும் கிரானிப் பின்னல் (கொத்துக் கொத்தாக, நடுவில் இடைவெளி விட்டுப் போடுவது), 330 கிராம். லேசுதான், சுருட்டினால் பையில் போகிறது, நனைந்தாலும் உதறிப் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, வீட்டில் வாஷிங் மெஷினில் போடலாம், விலையும் 100 கிராம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள். இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு எதற்கு ஒதுக்க வேண்டும்? வெயில் வந்ததும் தெரிந்தது. அக்ரிலிக் இழை ஈரத்தை உள்ளே வாங்காது, தன் எடையில் 2 சதவீதம்கூட எடுக்காது. பதினோரு மணி வெயிலில் ஐந்து நிமிடம் நடந்தால் முதுகில் வியர்வை அப்படியே நிற்கும், அப்புறம் பனிமூட்டம் வந்ததும் அந்த ஈரமே குளிராக மாறும். மாறும் வானிலையில் இதுதான் மோசமான சேர்க்கை. கிரானியின் ஓட்டைகள் விரல் நுழையும் அளவு, மலைக்காற்று அதில் தாராளமாகப் போய்வருகிறது. ஒரு நாள் அவளுடைய ஜிமிக்கி அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டு, ஓடும் பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அக்ரிலிக்தான் கட்டுப்படியாகும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தடித்த நூலை விட்டுவிட்டு, குழந்தைகளுக்குப் பின்னும் மெல்லிய நான்கு இழை நூலை எடுத்து, வழக்கமான 3.5 மில்லிமீட்டர் ஊசிக்குப் பதிலாக 4.5 ஊசியில் தளர்வாகப் பின்னுங்கள். முடித்த பிறகு தட்டையாக விரித்து, இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடாமல் ஓர் அங்குலம் மேலே பிடித்து நீராவி காட்டுங்கள். இழை நிரந்தரமாகத் தளர்ந்து, துணி பட்டுமாதிரி விழும். ஒரு தடவை தளர்ந்தால் திரும்ப வராது, அதனால் மாதிரித் துண்டில் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். அப்புறம், அக்ரிலிக் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள். தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எந்த நூலாக இருந்தாலும் தொங்கும் உடையோடு அடுப்பருகே போவது ஆபத்து, இதில் இரட்டை ஆபத்து.

மூன்றாவது வாரம் மெரினோ. நான்கு இழை மெல்லிய நூல், 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும் வகை, முக்கால் பங்கு மெரினோவும் கால் பங்கு நைலானும், சாக்ஸ் பின்னுவதற்காகவே விற்பது. வட்டக் கழுத்திலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் வடிவம், 240 கிராம். அதாவது பருத்தியின் பாதிக்கும் குறைவு. கையில் வாங்கியதும் "இது எங்கக்கா குளிர் தாங்கப் போகுது" என்றாள். வெள்ளிக்கிழமை வந்தபோது திருப்பிக் கொடுக்க மனசே இல்லை.

கம்பளியின் வேலை விசித்திரமானது. சாதாரணக் காற்று ஈரத்திலேயே அது தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு நீராவியை இழைக்குள் வாங்கி வைத்திருக்கும், பருத்தி அதில் பாதிதான். அப்படி வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே விடும். 30 சதவீதம் வரை வாங்கினாலும் தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது. அதனால் வெயிலில் வியர்வை தேங்கவில்லை, பனிமூட்டத்தில் உடனே சில்லிடவில்லை. தூறல் விழுந்தால் துளி மேலே பொசுபொசுப்பில் முத்து முத்தாக நிற்கிறது, உதறினால் போய்விடுகிறது. கொட்டும் மழைக்கு இது ஈடுகொடுக்காது. எந்தக் குரோஷாவும் கொடுக்காது, அதற்குக் குடைதான்.

மெரினோவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் குறை விலை. கையால் சாயம் போட்ட 100 கிராம் கண்டு ஆயிரம் ரூபாயைத் தாண்டும், ஒரு போன்சோவுக்கு இரண்டரை கண்டு வேண்டும். தங்கை சட்டென்று, "அந்தக் காசுக்கு ரெண்டு புடவை எடுத்துடலாமே அக்கா" என்றாள், நியாயமான கேள்விதான். இரண்டாவது, சூப்பர்வாஷ் என்று போட்ட மெரினோ, அதாவது துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்தியது, துவைத்ததும் தளர்ந்து நீளும். பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, தட்டையாகப் போட்டுத்தான் காயவைக்க வேண்டும், கொடியில் தொங்கவிட்டால் போன்சோ நைட்டியாகிவிடும். மூன்றாவது, பூச்சி. பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டையோ வேப்பிலையோ போடுகிறோம், ஆனால் வியர்வைக் கறையோடு வைத்தால் பூச்சி அதைத்தான் முதலில் தேடி வரும், துவைத்து நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நூலில் எனக்குச் சந்தேகம் இல்லை. மலையும் சமவெளியுமாக அலைகிறவருக்கு மெல்லிய மெரினோதான். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஏசி அலுவலகத்திலும் இரவு ரயிலிலும் போட்டுக்கொள்ள என்றால் நான் தயங்காமல் மெல்லிய பருத்திக்குப் போவேன், அங்கே ஈரக் குளிர் என்ற பிரச்சினையே இல்லை. குழந்தைக்கு என்றால் அக்ரிலிக், தினமும் துவைக்க வேண்டியிருக்கும், அடுத்த வருடம் அளவும் பத்தாது. ஊட்டியில் வீட்டோடு இருக்கும் பாட்டிக்கு என்றால் தடித்த கம்பளியே போடுங்கள், அவர் அதைக் கழற்றிப் பையில் வைக்கப் போவதில்லை. மோஹேர் என்ற ஆட்டு ரோமமும் பட்டும் கலந்த நூலைப் பற்றியும் கேட்பார்கள். பஞ்சு மாதிரி லேசு, உண்மை, ஆனால் ஒரு தப்புப் போட்டால் பிரிக்கவே முடியாது, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முதல் போன்சோவுக்கு வேண்டாம். மூங்கில் நூல் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான் (கூழாக்கி ரசாயன முறையில் இழையாக்கியது), நனைந்தால் வலு குறையும், தொங்கித் தொங்கி நீளும்.

வடிவத்துக்கு வருகிறேன், நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது இங்கேதான். அந்த மெரினோ போன்சோவிலும் ஒரு குறை இருந்தது. வட்டக் கழுத்து, தலைவழியாகத்தான் போட வேண்டும், கழற்ற வேண்டும். வீட்டில் ஒரு தடவை என்றால் பரவாயில்லை. தினமும் நான்கைந்து தடவை, பேருந்து இருக்கையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு, கண்ணாடியைக் கழற்றி, தலையில் வைத்த பூ நசுங்காமல், ஜிமிக்கி மாட்டாமல் என்றால் இரண்டாவது தடவையே அலுத்துப்போகும். அலுத்தால் வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், அல்லது குளிரக் குளிரப் பையிலேயே வைத்திருப்பாள். பின்னுகிறவருக்கு வட்ட வடிவம் சுகமானது, தையலே இல்லை, நீளத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே முடிக்கலாம், தோளில் அழகாக உட்காரும். சுற்றுலா போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்ள இதைவிட நல்லது இல்லை.

இரண்டு செவ்வக வடிவத்தில் கணக்கு எளிது. 45 க்கு 75 சென்டிமீட்டரில் இரண்டு துண்டுகள். ஒன்றின் 45 பக்கத்தை மற்றதன் 75 பக்கத்தில் ஓர் ஓரத்திலிருந்து தைத்து, மறுபுறமும் அதேபோல் செய்தால், மிச்சம் இருக்கும் 30, 30 சேர்ந்து 60 சென்டிமீட்டர் கழுத்துச் சுற்று. சாதாரணத் தலை நுழைய அது போதும். கழுத்து பெரிதாக வேண்டுமா, நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள், அவ்வளவுதான் சூத்திரம். முனையை முன்னால் விட்டால் வி கழுத்து, பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் படகுக் கழுத்து, ஒரே உடையில் இரண்டு தோற்றம். ஆனால் முன்னால் விட்ட முனை கழுத்திலிருந்து 64 சென்டிமீட்டர் வரை இறங்கும், 45 சென்டிமீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் அது. பேருந்து நிலையம் வரை கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு இந்தத் தொங்கல் சரிவராது. துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எத்தனை விபத்து நடக்கிறது. இதே காரணத்துக்காகக் குஞ்சமும் வேண்டாம் என்று முடிவு செய்தேன், வண்டியில் போகிறவர் யாருக்கும் குஞ்சம் வைக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

கடைசியில் நான் எடுத்தது ஒற்றைச் செவ்வகம், தையலுக்குப் பதில் பொத்தான். 50 க்கு 140 சென்டிமீட்டர் துண்டு. அதைக் குறுக்கே இரண்டாக மடித்தால் 50 க்கு 70. மேல் ஓரமான 70இல் மடிப்பை ஒட்டிய 30 சென்டிமீட்டரைக் கழுத்துக்கு விட்டுவிட்டு, மீதி 40ஐச் சேர்த்தால் ஒரு தோளில் தையல் வரும் போன்சோ. அந்த 40 சென்டிமீட்டரைத் தைக்காமல் ஐந்து பொத்தான் வைத்துவிட்டால் எல்லாமே மாறிவிடுகிறது. போடும்போது தோளைச் சுற்றி இழுத்து இரண்டு பொத்தான் மாட்டினால் போதும், தலைவழி வேலையே இல்லை. பொத்தான் எல்லாம் கழற்றினால் சால்வை, நீளவாக்கில் மடித்தால் கழுத்துக்கு மப்ளர், பேருந்தில் மடிமேல் போர்வை. பையில் வைக்கும்போது முனையும் கழுத்துமாகத் துருத்தாமல் தட்டையாக மடிகிறது. பொத்தானுக்குத் துளை தனியாக விட வேண்டியதில்லை, பின்னலின் இடைவெளியே துளை. சிரட்டைப் பொத்தான் வாங்கினேன், லேசானது, நூலை அறுக்காது. இந்த வடிவத்துக்கு ஒரு குறை உண்டு: தோளில் சரியாக அமராது, ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். அந்தச் சரிவு பிடிக்காதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கும் தங்கைக்கும் பிடித்திருக்கிறது.

குறுகிய பக்கத்திலிருந்து, 50 சென்டிமீட்டர் சங்கிலி போட்டு ஆரம்பியுங்கள். நூல் தீர்ந்தால் 130இல்கூட நிறுத்தலாம், மிஞ்சினால் 150 வரை போகலாம். நீளப் பக்கத்தில் ஆரம்பித்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. ஆரம்பச் சங்கிலியை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியில் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரம் சுருக்குக் கயிறு மாதிரி இழுத்துக்கொள்ளும்.

பின்னலில் நான்கு மாதிரித் துண்டு போட்டுப் பார்த்தேன். சதுரச் சதுர ஓட்டையாக வரும் ஃபைலே வலைப் பின்னல் எல்லாவற்றிலும் லேசு, ஆனால் ஜிமிக்கிப் பிரச்சினை அப்படியே திரும்பி வரும். சிப்பிப் பின்னல் கனம். சிங்கிள் என்ற குட்டையான பின்னலும் சங்கிலியும் மாறி மாறி வரும் மாஸ் பின்னல் மிக அருமையான துணி, ஓட்டையே தெரியாது, காற்றையும் நிறுத்தும், எனக்குப் பொறுமை இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். 140 சென்டிமீட்டர் என்றால் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்று வைத்தாலே 280 வரிசை. மார்கழிக் குளிருக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதால் சிங்கிளைவிடக் கொஞ்சம் உயரமான ஹாஃப் டபுளில் வி பின்னல் எடுத்தேன், ஒரே இடத்தில் இரண்டு ஹாஃப் டபுள், நடுவில் ஒரு சங்கிலி. ஓட்டை மிளகு அளவுதான், வேலையும் நகர்கிறது. இணையத்தில் முறை பார்த்துப் பின்னுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் என்கிறார்கள், ஒவ்வொரு பின்னலுக்கும் பெயர் இப்படி ஒரு படி தள்ளிப் போகும். அது தெரியாமல் பிரிட்டிஷ் முறையை அமெரிக்கப் பெயரில் பின்னினால் துணி தளர்ந்து நீண்டு வேறு ஏதோ ஆகிவிடும், நான் இங்கே சொல்வது அமெரிக்கப் பெயர்.

எந்த நூல், எந்தப் பின்னல் என்று தடுமாறுகிறவர்களுக்கு என் ஒரே கருவி சமையலறை எடைமானி. 15 க்கு 15 சென்டிமீட்டர் மாதிரித் துண்டு பின்னுங்கள், துவைத்துக் காயவைத்து எடை போடுங்கள். 50 க்கு 140 போன்சோ அப்படிப்பட்ட 31 துண்டுகளுக்குச் சமம். துண்டு 7 கிராம் என்றால் போன்சோ சுமார் 220, 10 கிராம் என்றால் 310, 16 கிராம் என்றால் 500. பையில் தினமும் தூக்க 300க்கு மேல் வேண்டாம் என்பது என் எல்லை, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், தெரியும். எடை போட்ட பிறகு அதே துண்டை மேலே இரண்டு கிளிப்பும் கீழே நான்கு கிளிப்பும் மாட்டி ஒரு நாள் கொடியில் தொங்கவிடுங்கள். 15 என்பது 17 ஆகியிருந்தால் போன்சோவும் அதே விகிதத்தில் இறங்கும், தொடங்கும்போதே அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னி முடித்து அழுவதைவிட ஒரு நாள் பொறுப்பது மேல். கடைசியாக, துண்டை உள்ளங்கையில் கசக்கிப் பத்து எண்ணி விடுங்கள். விரிந்து எழுந்தால் பைக்கு ஏற்றது. மடிப்புத் தழும்போடு கிடந்தால் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கசங்கியே இருக்கும்.

என் வி பின்னல் துண்டு 7.5 கிராம் வந்தது, அப்படியானால் முழுசாக 235 கிராம் அளவில் நிற்கும். மூன்று கண்டு வாங்கினேன், மிச்சம் இருந்தால் பொத்தான் அறுந்தால் தைக்கவும் ஓரம் பிரிந்தால் சேர்க்கவும் ஆகும். நிறம் அடர்ந்த பாசிப் பச்சை, பேருந்துத் தூசி தெரியாது, அவளுடைய புடவைகளில் பாதிக்காவது ஒத்துப்போகும். விலையைச் சொன்னதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். அப்புறம் பழைய ஸ்வெட்டரைக் கணக்கில் எடுத்து, "அது வாங்கி நாலு வருஷம் ஆச்சு, நாப்பது நாள்கூடப் போடல" என்று அவளே சொல்லிவிட்டு, பாதிப் பணத்தை அன்றைக்கே கொடுத்தாள்.

இப்போது 85 சென்டிமீட்டர் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அரைகுறையாக ஊசியோடு இருந்ததை எடுத்துச் சுருட்டித் தன் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜிப் மூடியது. இன்னும் 55 சென்டிமீட்டர் இருக்கிறது, ஒரு நாளைக்கு நான்கு சென்டிமீட்டர் போனால் இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்.